சாக மறுத்த ஈ

என் வாழ்க்கையில் ஏழெட்டு முறை மேடை ஏறியிருப்பேன். முதல் முறை ஈயாக ஏறினேன். அதற்குப் பிறகு ஏறியதெல்லாம் பெரிதாக நினைவில் இல்லை. பேசினேன், சால்வை போர்த்தினார்கள், இறங்கினேன். ஈயாக ஏறியது மட்டும் இன்னும் முதுகில் உறுத்துகிறது. இறக்கை கட்டிய மூங்கில் சிம்பு அங்கேதான் குத்திக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சேதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. தலைமை ஆசிரியையை மதாம் என்றுதான் கூப்பிட்டோம். கவுன் போட்ட தமிழ் அம்மாள். எங்களைத் தமிழில் திட்ட ஆரம்பிப்பார். கோபம் ஏற ஏறப் பிரெஞ்சுக்குப் போய்விடுவார். அதனால் அவர் கடுமையாகத் திட்டிய எதுவும் எங்களுக்குப் புரிந்ததில்லை. அந்த வகையில் நாங்கள் மனம் நோகாமல் வளர்ந்த பிள்ளைகள்.

வகுப்பு டீச்சர் நேர்மாறு. கடலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர். சின்ன வயது. எதைச் செய்தாலும் முழு மூச்சாகச் செய்வார். கரும்பலகையைத் துடைத்தால்கூடப் பக்கத்து வகுப்புக்குத் தூசி போகும்.

மதாமுக்குத் தெரிந்த தினம் ஒன்றே ஒன்று, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய தினமான ஜூலை பதினான்கு. கொடி, சாக்கு ஓட்டம், ஆளுக்கு இரண்டு பிஸ்கோத்து, வீட்டுக்குப் போகலாம். புது சர்க்கார் வந்த பிறகு தினங்கள் பெருகிவிட்டன. ஒவ்வொரு தினத்துக்கும் ஒரு தாள் வரும். தாள் வந்தால் மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, "அலோர், அப்போ இதுக்கு யார் வராங்க, பிஸ்கோத்து உண்டா இல்லையா" என்று மட்டும் கேட்பார். மீதியெல்லாம் டீச்சர் தலையில்.

அப்படித்தான் பங்குனியில் ஒரு காலை டீச்சர் ஒரு தாளோடு வகுப்புக்குள் வந்தார். உலக சுகாதார தினம் கொண்டாடப் போகிறோம் என்றார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதுதான் அந்த வருஷத்து விஷயம்.

"அன்னிக்கு லீவா டீச்சர்?"

"லீவு கெடையாது."

"பிஸ்கோத்து?"

"அது மதாமைத்தான் கேக்கணும்."

வகுப்பில் பாதிப் பேருக்குச் சுகாதாரத்தின் மேல் இருந்த ஆசை அங்கேயே போய்விட்டது. டீச்சர் விடவில்லை. நாங்கள் மட்டும் இல்லையாம், உலகத்தில் இருக்கிற எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அதே நாளில் இதைக் கொண்டாடுவார்களாம். கையால் பெரிய வட்டம் போட்டுக் காட்டினார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். நெல்லித்தோப்பில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் மகள். எதையும் நிச்சயம் செய்துகொள்ளாமல் உட்கார மாட்டாள். "அப்போ அன்னிக்கு உலகத்துல இருக்கற ஈ எல்லாம் செத்துடுமா டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "முயற்சி பண்ணுவோம்" என்றார்.

டீச்சரே ஒரு நாடகம் எழுதினார். மூன்று காட்சி. முதல் காட்சியில் ஈ குப்பைத்தொட்டியில் பிறக்கிறது. இரண்டாவதில் ஊர்ப் பண்டங்களில் எல்லாம் உட்கார்ந்து ஊருக்கே பேதி வரவைக்கிறது. மூன்றாவதில் சுகாதார ராணி மருந்தடிக்கிற பம்ப்போடு வந்து ஈயைக் கொல்கிறாள். ராணிக்குக் கிரீடம் உண்டு, ஜரிகைப் பாவாடை உண்டு. முப்பத்திரண்டு பேரும் ராணிக்குக் கை தூக்கினோம்.

"இப்போ ஒரு பரீட்சை வைக்கறேன். மூச்சு விடாம யாரு ரொம்ப நேரம் ஙொய்னு சத்தம் குடுக்கறீங்களோ, அவங்களுக்கு முக்கியமான வேஷம்."

முக்கியமான வேஷம் என்றால் ராணி வேஷம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பம் குப்பத்துக் குடும்பம். அலைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய பரம்பரை. அலையில் முங்கி மூச்சடக்குவது எங்களுக்கு விளையாட்டு. நான் ஙொய் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொருத்தியாக இருமிக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்துக்கடை மகள் நாலு எண்ணுவதற்குள் விழுந்தாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் நிறுத்தவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கிரீடத்தை நினைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தேன்.

"நீதான் ஈ" என்றார் டீச்சர்.

நாலு எண்ணுவதற்குள் விழுந்தவள் ராணியானாள். பம்ப் அவள் அப்பா கடையில் இருந்ததுதான் காரணம். இதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஈக்கு அலங்காரம் பலமாக நடந்தது. கறுப்புச் சாயம் ஏற்றிய பாவாடை சட்டை. மூங்கில் சிம்பில் எண்ணெய்த்தாள் ஒட்டி இறக்கை. கண்ணுக்கு இரண்டு கொட்டாங்கச்சி, சிவப்பு வர்ணம் பூசித் தலையில் கட்டியது. ஈக்கு ஆறு கால் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். எனக்குக் கை கால் சேர்த்து நாலுதான். மீதி இரண்டுக்கு மதாம் தன்னுடைய பழைய காலுறை இரண்டைக் கொடுத்தார். பிரான்சிலிருந்து வந்த நீளக் காலுறை. உள்ளே கந்தல் துணி திணித்து இடுப்பில் தைத்தார்கள். நான் நடந்தால் அவை தனியாக நடந்தன.

இனி என் கவலைக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பு முடியப் போகிறது. என் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றாள். அப்பா கட்டுமரத்தில் பிடித்து வந்ததை அவள் கூடையில் ஏற்றிக்கொண்டு ஓடுவாள். படிப்பு பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான், போதும் என்பது. "சித்திர பொறந்ததும் கூடையத் தூக்கிக்கினு என்னோட கெளம்பு" என்று சொல்லிவிட்டாள். எனக்கென்று ஒரு சின்னக் கூடையும் வாங்கி வீட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். சாப்பிடும்போதெல்லாம் அது என் தலைக்கு மேலே தொங்கும். எனக்குச் சோறு இறங்காது. எனக்கு ஆறாம் வகுப்பு வேண்டும். ஆறாம் வகுப்பில் சுவரளவு உலகப் படம் ஒன்று இருந்தது. அதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. அப்பாவிடம் கேட்டால், "உங்கம்மா இன்னா சொல்றாளோ அதான்" என்பார். கடலில் எதற்கும் பயப்படாத மனிதர்.

நான் அழுத அழுகையில் அம்மா கடைசியாக ஒரு வழிக்கு வந்தாள். "அந்தச் சொகாதார நாளோ இன்னாவோ, அன்னிக்கு வந்து பாக்கறேன். உருப்படியா எதனா சொல்லித் தராங்களான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன வேஷம் என்று மட்டும் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். மேடையில் ராணியின் கூடவே வருவேன் என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லை. நாடகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கூட வந்து இன்னா பண்ணுவ?"

"சுத்தி வருவேன். எல்லார் ஊட்டுலயும் உக்காருவேன். அப்புறம் படுத்துக்குவேன்."

"இன்னாத்துக்குப் படுக்கற?"

மாட்டிக்கொண்டேன். "செத்துப் பூடுவேன்."

கரண்டி குழம்புக்குள் விழுந்தது. "இன்னா சொன்ன?"

"ஈ வேசம்மா. ஈ சாவணும். அதான் சொகாதாரம்."

ஈ என்றதை அவள் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் குப்பத்தில் ஆண்கள் கடலில் இருக்கும்போது வீட்டுப் பெண்கள் சாவு என்ற வார்த்தையைக்கூட எடுக்க மாட்டார்கள். விளக்கை ஊதி அணைக்க மாட்டார்கள், முறத்தைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். மகள் மல்லாந்து செத்துக் கிடப்பது என்றால் கேட்கவே வேண்டாம்.

"உங்கப்பா கடல்ல இருக்கச்சே நீ செத்துக் கெடப்பியா? அத நான் உக்காந்து பாக்கணுமா?" என்றாள். பிறகு கரண்டியைத் தேடி எடுத்து, நிதானமாகச் சொன்னாள். "அந்தாளு கரையில காலு வச்சப்புறம் நீ எத்தினி வாட்டி வேணும்னாலும் சாவு. அதுக்கு முன்னாடி செத்த, அன்னியோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. கூடைய எடு."

நான் கணக்குப் போட்டேன். அப்பா விடியுமுன்னே போனால் எட்டு, எட்டரைக்குள் கரை ஏறிவிடுவார். விழா ஒன்பது மணிக்கு. விருந்தாளி எப்படியும் பத்துக்குத்தான் வருவார். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். டீச்சரிடம் சொன்னால் வேஷத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார், அம்மா வரும்போது நான் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பேன், கூடைதான் கதி. ஆகையால் வாயைத் திறக்கவில்லை. வீராம்பட்டினத்து அம்மனிடம் மட்டும் சொன்னேன். ஆடித் தேருக்கு வந்து ஒரு தேங்காய் உடைப்பதாகப் பேசினேன். ராத்திரி புரண்டு படுத்ததில் இரண்டாக உயர்த்தினேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. படுக்கை விரிப்பில் திரை. மேடைக்கு எதிரே இருந்த பின் சுவருக்கு அப்பால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். கீழே நின்றால் சுவர்தான் தெரியும். மேடையில் ஏறினால் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் தெரியும். எட்டரைக்கு ஏறிப் பார்த்தேன். பாய்மரம் ஒன்றுமில்லை. சும்மா நீலமாக இருந்தது. காற்று துளிகூட இல்லை.

சரியாக ஒன்பதுக்கு விருந்தாளியான டாக்டர் வந்துவிட்டார். சுகாதார இலாகாவில் பெரியவர், சென்னைப் பக்கத்துக்காரர். சொன்ன நேரத்துக்கு வருகிறவரை மதாம் அதுவரை பார்த்ததில்லை. மாலை இன்னும் வாளியில் நனைந்துகொண்டிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டார்கள். டாக்டர் சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, "ஆரம்பிக்கலாமே" என்றார். 

முன்வரிசையில் தரையில் அம்மாமார்கள். நடுவில் என் அம்மா, பக்கத்தில் காலிக் கூடை. கட்டுமரம் வந்ததும் நேரே ஓடுவதற்குத் தயாராக வந்திருந்தாள்.

பிறந்தேன். ஊரைச் சுற்றினேன். லட்டு மேல் உட்கார்ந்தேன், இட்லி மேல் உட்கார்ந்தேன், மதாமின் காலுறை இரண்டும் பின்னால் வந்தன. பேதி வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சிரிப்பில் முற்றம் அதிர்ந்தது. மூன்றாம் காட்சிக்கு ராணி வந்து நின்றாள். பம்ப்பில் வெறும் தண்ணீர்தான். மூன்று முறை அடிப்பாள், நான் மல்லாந்து விழுந்து ஆறு காலையும் தூக்க வேண்டும்.

முதல் அடி. கடலைப் பார்த்தேன். இரண்டாவது அடி. அம்மாவைப் பார்த்தேன். ஒரு விரலைத் தூக்கி மெல்ல ஆட்டினாள். மூன்றாவது அடி.

நான் ஙொய் என்று அந்தப் பக்கம் ஓடிவிட்டேன்.

ராணிக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பவும் அடித்தாள். "இந்த மருந்தெல்லாம் எனக்குப் பத்தாது" என்று நானே ஒரு வசனம் போட்டேன். கூட்டம் சிரித்தது. ராணி சிரிக்கவில்லை. எழுதாத வசனத்தை அவளால் தாங்க முடியாது. பம்ப்பைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு வந்தாள். துடைப்பத்துக்குத் தப்பினேன். டி.டி.டி. என்று டப்பியில் வைத்திருந்த சுண்ணாம்புக்கட்டித் தூளை என் தலையில் கொட்டினாள். தும்மினேனே தவிர விழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "சாவுடி. கண்ணு, சாவுடி." அதுவரை என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டதே கிடையாது.

மேடையை விட்டே குதித்தேன். டாக்டரின் ஈர மாலையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். அவர் மரியாதையாகக் கழுத்தைச் சாய்த்து இடம் கொடுத்தார். மதாம் மடியில் வைத்திருந்த பிஸ்கோத்துத் தட்டில் உட்காரப் போனேன். "சிலான்ஸ்", அதாவது சத்தம் போடாதே, என்று அவர் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை, ஈக்களுக்கு அதுதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ராணி கிரீடம் நழுவ, ஜரிகைப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, நிஜமான கோபத்தோடு துரத்தி வந்தாள். மூன்று சுற்று சுற்றியிருப்போம். திரைக்குப் பின்னால் ஓடியபோது டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துவிட்டார்.

"ஏண்டி இப்படிப் பண்ற? என் மானத்த வாங்கறதுக்குன்னே வந்தியா?"

அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கொட்டாங்கச்சிக் கண் இரண்டும் ஆட, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இன்னும் வரவில்லை, அதற்குள் செத்தால் பள்ளிக்கூடம் இல்லை, ஆணியில் கூடை இருக்கிறது, ஆறாம் வகுப்பில் உலகப் படம் இருக்கிறது. மூக்கும் ஒழுகியது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையை நீட்டி அந்தத் துண்டுக் கடலை எட்டிப் பார்த்தார். "சொல்றதுக்கென்ன உனக்கு, முன்னாடியே" என்றார். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தார். அந்தப் புடவை நன்றாக இல்லாமல் போய்விட்டது. பிறகு மேடைக்குப் போய்க் கை கூப்பினார்.

"இது சாதாரண ஈ இல்லீங்க. கொஞ்சம் பலமான ஈ. இத எப்படி ஒழிக்கறதுன்னு வந்திருக்கற தாய்மாருங்க ஒவ்வொருத்தரா மேல வந்து சொல்லணும்னு கேட்டுக்கறேன்."

அப்படி ஒரு காட்சியை அவர் எழுதவே இல்லை. அம்மாமார்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு ஒருத்தி ஏறி, வேப்பிலை போட்டுப் புகை மூட்டச் சொன்னாள். இன்னொருத்தி ஈரச் சாக்கு போட்டு மூடினால் மீனில் ஈ அண்டாது என்றாள், அது அம்மாவோடு மார்க்கெட்டில் உட்காருகிறவள். மூன்றாவது ஆள் மாமியாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள், டீச்சர் அதையும் தடுக்கவில்லை. இதற்குள் கீழே யாரோ என் அம்மாவிடம், "ஏன் உம் பொண்ணு சாவ மாட்டேங்குது" என்று கேட்க, "நான்தான் சாவாதன்னேன்" என்று அவள் சொல்ல, காரணம் காதோடு காதாக முற்றம் முழுக்கப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஆறேழு பெண்கள் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மதாம் டாக்டர் காதில் விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாததால் இரண்டாவது முறை தமிழில் சொன்னார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார், போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடைக்கு வந்தார்.

"மத்த நாட்டுல எல்லாம் இந்நேரம் ஈ செத்திருக்கும்" என்றார். "பரவாயில்ல. நம்ம ஊரு ஈ நிதானமா சாகட்டும். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டிருக்கேன்."

பேசினார். ஒரு ஈயைக் கொன்று பிரயோஜனமில்லை, அது முட்டையிடும் குப்பையை அகற்ற வேண்டும் என்றார். நல்ல பேச்சு. ஈ முடிந்து கொசுவுக்குப் போனார், கொசு முடிந்து மூட்டைப்பூச்சி, தெள்ளுப்பூச்சி, பேன். கடல் காலியாகவே இருந்தது. எலிக்கு வந்தார். எலி பூச்சி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

நானும் ராணியும் மேடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். பம்ப் அவள் மடியில் இருந்தது. "முடியட்டும், ஒன்னப் பாத்துக்கறேன்" என்று உறுமிக்கொண்டே இருந்தாள். பிஸ்கோத்து வந்தது. இறக்கை தடுத்ததில் என் கை தட்டுக்கு எட்டவில்லை. அவளே ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள், இதமாக இல்லை.

"பாய் தெரியுது" என்று சுவரிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்பாவின் பாயில் கோதுமை மாவுச் சாக்கில் போட்ட வெள்ளை ஒட்டு இருக்கும். வந்தது வேறு மரம். அடுத்து இன்னொன்று வந்தது, அதிலும் ஒட்டு இல்லை. கரை ஏறியவர்களிடம் சுவர்ப் பெண்கள் கத்திக் கேட்டார்கள். காத்து இல்லை, பின்னால் வரும் என்று பதில் வந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் பள்ளிக்கூடம் போய்விடுமே என்ற பயம். இது வேறு. அம்மா கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அம்மனிடம் தேங்காயை நாலாக்கினேன். டாக்டர் எலியை விட்டுப் பாம்புக்கு வந்திருந்தார்.

ராணி பம்ப்பை ஓரமாக வைத்தாள். "உங்கப்பாவுக்கு நீச்சல் தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

"உனக்கு மூச்சடக்கத் தெரியாத மாதிரி அவருக்கு மூழ்கத் தெரியாது" என்றேன். பயத்திலும் எனக்கு வாய் குறையவில்லை.

பத்தரை இருக்கும். முகத்தில் லேசாகக் காற்று பட்டது, எண்ணெய்த்தாள் இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டது. மேடையில் இருந்த எனக்குத்தான் முதலில் தெரிந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பழுப்புப் பாய், அதில் வெள்ளையாக ஒரு சதுரம். கத்த வாயெடுத்தேன், ஙொய் என்றுதான் வந்தது. காலையிலிருந்து அதே பழக்கம். நல்லவேளையாகச் சுவர்ப் பெண்களும் பார்த்துவிட்டார்கள்.

டாக்டர் பாம்பைப் பாதியில் விட்டார். டீச்சர் எனக்குக் கை காட்டினார், விழு என்று. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரு" என்றாள், முற்றத்துக்கே கேட்கிற குரலில். "இன்னும் கரைக்கு வரல."

இருந்தோம். சுவரிலிருந்து சேதி வந்துகொண்டே இருந்தது. அலையில ஏறுது. எறங்குது. துடுப்பு போடறாரு. மரம் மணலைத் தட்டுது. மதாம் பிஸ்கோத்துத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"கால வச்சிட்டாரு."

நான் செத்தேன். ஒன்றரை மணி நேரமாகச் சேர்த்து வைத்த சாவு. நெஞ்சைப் பிடித்தேன், தள்ளாடினேன், மேடை முழுக்கச் சுற்றினேன், விழுந்தேன், எழுந்தேன், இன்னொரு முறை விழுந்தேன். மல்லாந்து ஆறு காலையும் தூக்கி உதறி, ஒவ்வொன்றாக மடக்கி அடங்கினேன். அந்தக் கைதட்டலை நான் அதற்குப் பிறகு எங்கேயும் வாங்கியதில்லை. ராணி மட்டும் கைதட்டவில்லை. பம்ப்பை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் செத்த ஈயின் முகத்தில் நிதானமாக அடித்துத் தீர்த்தாள்.

படுக்கை விரிப்பு கம்பியில் சிக்கிக்கொண்டது. திரை மூடவில்லை. திரை மூடும் வரை அசையக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. ஒரு நாளில் அவர் சொன்னதை இரண்டு முறை மீறுவது நன்றாக இருக்காது. கண்ணை மூடிக் கிடந்தேன். மேடைப் பெஞ்சு கிறீச்சிட்டது. மீன் வாடையை வைத்தே அம்மா என்று தெரிந்தது. என் கால்மாட்டில் டீச்சர் நின்றிருந்தார்.

அம்மா என் தலைமாட்டில் வந்து நின்றாள். உருப்படியா எதனா சொல்லித் தராங்களா என்று பார்க்க வந்தவள். ஈ செத்த அழகைப் பற்றி ஏதாவது சொல்வாளோ, கூடையைப் பற்றிச் சொல்வாளோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். மூச்சடக்குவதுதான் எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே.

"இந்த நாளு வருசா வருசம் வருமா டீச்சரம்மா?"

"வரும்மா. ஒவ்வொரு வருஷமும் இதே தேதிதான்."

"அப்போ அடுத்த வருசம் காலைல வைக்காதீங்க" என்றாள் அம்மா. "சாயங்காலமா வையிங்க. அந்தாளு ஊட்டுல இருப்பாரு. இவ இஷ்டத்துக்குச் சாவட்டும்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மேடையை விட்டு இறங்கி மணலைப் பார்த்து ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த வருசம் என்று அவள் சொன்னதை நான் மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். செத்த ஈ சிரிக்கக் கூடாது என்று டீச்சர் ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார். நானும் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். மதாமின் காலுறை இரண்டும் குலுங்க ஆரம்பித்துவிட்டன.